மடைப்பலகையும் மோட்டாரும்

(தேவாரத்தில் பள்ளி அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காசநோய்க் கிருமியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும் இரண்டு மூன்று பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். பயப்பட வேண்டாம். கிருமியைப் படத்தில்தான் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் சின்னய்யா கதை. இந்தப் பக்கத்து ஆட்கள் பலரையும்போல அவரும் ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவர். இப்போதுபோல விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிற வசதி அன்று எல்லாருக்கும் கிடையாது. சாக்குலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறுவார். 1988இல் அவருக்கு இருமல் விடவே இல்லை. சளியைப் பரிசோதித்ததில் டி.பி. என்று வந்தது. ஊசியும் மாத்திரையும் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, பசி எடுத்தது, கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது. ஆவணி பிறந்தது, மலையில் காய் எடுப்பு தொடங்கிவிட்டது. சின்னய்யா மலையேறிவிட்டார். மிச்ச மாத்திரைகள் வீட்டு மாடக்குழியில் விளக்குக்குப் பக்கத்திலேயே கிடந்தன. பள்ளிக்கூடப் பையனான நான் அவற்றை எண்ணி விளையாடியிருக்கிறேன்.

அடுத்த சித்திரையில் ரத்தமாகத் துப்பிக்கொண்டு இறங்கிவந்தார். அதே மருந்தை மறுபடி கொடுத்தார்கள். இந்த முறை கேட்கவில்லை. மருந்தும் அதேதான், ஆளும் அவரேதான். மாறியிருந்தது கிருமி. அது எப்படி மாறிற்று என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

கிருமியைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டரை முந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு நீளம். இதுதான் நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. அதன் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து முடிக்க 1998 ஆயிற்று. சுமார் 44 லட்சம் எழுத்து, ஏறக்குறைய 4,000 மரபணு. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அவ்வளவு சாவதானம். ஆனால் ஒரு நுரையீரல் குழியில் பத்து கோடி கிருமி குடியிருக்கலாம் என்றால், சாவதானம் என்று அலட்சியமாக விட முடியாது.

மூச்சோடு உள்ளே போன கிருமியை நம் விழுங்கு செல்கள் விழுங்கிவிடுகின்றன. வேறு கிருமியாக இருந்தால் அதோடு கதை முடிந்தது. இது விழுங்கியவன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அந்தச் செல்லும் சும்மா இருக்காது. ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்ந்த கொடிய வேதிப்பொருள்களை அதன்மேல் கொட்டும். அவை கிருமியின் டி.என்.ஏ.வைத் தின்னும். டி.என்.ஏ. எழுத்து நான்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியும்: ஏ, டி, ஜி, சி. ஜி எப்போதும் சி-யோடு சேரும், ஏ டி-யோடு சேரும். ஆக்சிஜன் சுட்ட ஜி, டி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஏ-யோடு போய் ஒட்டிக்கொள்ளும். சி-யில் ஒரு சிறு துணுக்கு உதிர்ந்தால் அது டி.என்.ஏ.வில் இருக்கக் கூடாத யு என்ற எழுத்தாகிவிடும். காசநோய்க் கிருமியின் எழுத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு ஜி-யும் சி-யும்தான். ஆகவே அடி விழும் இடங்களும் அதற்கு அதிகம். இந்த இரண்டு வகைச் சேதத்தையும் இந்த இனக் கிருமிகள் எப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வார்ஷ்னேயின் குழு பல ஆண்டுகள் துருவிப் பார்த்திருக்கிறது.

  

பழுது பார்க்கும் புரதங்கள் கிருமியிடம் ஏராளம். வெட்டி எடுப்பது ஒன்று, ஒட்டுப் போடுவது ஒன்று, அறுந்த இரண்டு முனைகளை அப்படியே பிடித்துக் கட்டுவது ஒன்று. ஆனால் எல்லாவற்றையும் எந்நேரமும் செய்து வைத்திருந்தால் கட்டுப்படியாகாது. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். டி.என்.ஏ.வை வெட்டும் கருவி வேலையில்லாமல் வீட்டுக்குள் சுற்றித் திரிந்தால் நல்லதையும் வெட்டும். அதனால் அந்த மரபணுக்கள் மூடியிருக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். எப்படித் திறக்கின்றன?

இதைச் சொல்ல நம் ஊர் வயலைவிட நல்ல உவமை கிடைக்காது. 18ஆம் கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். தண்ணீர் வாசல்வரை வந்து நிற்கிறது, மடைப்பலகை தடுக்கிறது. பலகையை எடுத்தால் போதும், தண்ணீர் தானே பாயும். இது ஒரு முறை. மேட்டு நிலத்துக்காரனுக்கு இது உதவாது. அவன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, தடுக்கப் பலகையும் இல்லை. ஆனாலும் மோட்டார் போட்டாலொழியத் தண்ணீர் ஏறாது. இது இரண்டாம் முறை. காசநோய்க் கிருமி நஞ்சையும் வைத்திருக்கிறது, புஞ்சையும் வைத்திருக்கிறது.

முதலில் மடைப்பலகை. அதன் பெயர் லெக்ஸ்-ஏ. பழுது பார்க்கும் சில மரபணுக்களின் வாசலில் இந்தப் புரதம் உட்கார்ந்து மறித்துக்கொள்ளும். எந்த வாசல் தன்னுடையது என்று எப்படித் தெரிகிறது? அங்கே ஒரு சிறிய எழுத்துத் தொடர் இருக்கிறது. ஓர் இழையில் முன்னிருந்து படித்தாலும் எதிர் இழையில் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுபோல வரும். விகடகவி என்ற சொல் மாதிரி. தேவாரம் என்ற பெயருள்ள ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: சம்பந்தர் சீகாழியின்மேல் மாலைமாற்று என்று ஒரு பதிகமே இப்படிப் பாடியிருக்கிறார். தமிழாசிரியர் தலையாட்டுகிறார், நன்றி ஐயா. லெக்ஸ்-ஏ இரண்டு இரண்டாகச் சேர்ந்து இருக்கும் புரதம். இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் தொடரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது அதற்குச் சுலபம்.

டி.என்.ஏ. அடிபட்டால் இரட்டை இழை பிரிந்து ஒற்றை இழை வெளியே தெரியும். பிரிந்த கயிற்றுப் புரி மாதிரி. ரெக்-ஏ என்ற இன்னொரு புரதம் அந்த ஒற்றை இழையின்மேல் வரிசையாக ஏறிச் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிய ரெக்-ஏ, லெக்ஸ்-ஏயை வெட்டாது. லெக்ஸ்-ஏ அதைத் தொட்டதும் தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. பலகை முறிந்தது, மடை திறந்தது, தண்ணீர் பாய்ந்தது. இதற்கு எஸ்.ஓ.எஸ். என்று கப்பல்காரன் அபாயக் குரலின் பெயரை வைத்தார் மிரோஸ்லாவ் ராட்மன். ஈ.கோலையில் கண்டது, பிறகு பாக்டீரியா உலகமெங்கும் கிடைத்தது.

காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ ஒரு விநோதப் பிறவி. 790 அமினோ அமில நீளத்துக்கு உருவாகி, நடுவில் 440ஐத் தானே கத்தரித்து எறிந்துவிட்டு, இரு முனைகளையும் ஒட்டிக்கொண்டு 350ஆக நிற்கும். இந்த ரெக்-ஏயின் உருவத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் பார்த்துச் சொன்னது 2000ஆம் ஆண்டு, பெங்களூரில், எம். விஜயனும் கே. முனியப்பாவும் அவர்கள் மாணவர்களும். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரியாவது கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இதுவரை எல்லாம் ஈ.கோலை கதைதான். திருப்பம் 2003இல் வந்தது. லண்டனில் எலைன் டேவிஸ் குழுவினர் காசநோய்க் கிருமியின் ரெக்-ஏயைக் கெடுத்துவிட்டு, மைட்டோமைசின்-சி என்ற மருந்தால் டி.என்.ஏ.வை அடித்துப் பார்த்தார்கள். ரெக்-ஏ இல்லையென்றால் லெக்ஸ்-ஏ உடையாது, மடை திறக்காது, ஒரு பழுது மரபணுவும் விழிக்கக் கூடாது. ஆனால் பெரும்பாலானவை விழித்துக்கொண்டன! ரெக்-ஏயின் சொந்த மரபணுவுக்கே இரண்டு வாசல் இருந்தது. ஒன்றில்தான் லெக்ஸ்-ஏ காவல், மற்றதில் அதற்கு வேலையே இல்லை. மடைப்பலகையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தபோது, புஞ்சைப் பக்கம் யாரோ மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த மோட்டார் கைக்கு அகப்படப் பதினைந்து ஆண்டு போயிற்று. ஜூரிக்கில் எய்லிகா வேபர்-பான் ஆய்வுக்கூடமும் வேறு சிலரும் 2017, 2018 வாக்கில் அதைப் பிடித்தார்கள். பாஃப்-பி, பாஃப்-சி என்ற இரண்டு புரதம் இணைந்தது, பாஃப்-பி.சி. இது மறிப்பதில்லை, தூக்கிவிடுகிறது. மரபணுவைப் படிக்கும் எந்திரமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ், வாசலில் வழக்கமாக இரண்டு பிடிமானம் பார்த்துத்தான் கால் ஊன்றும். இந்த மரபணுக்களின் வாசலில் ஒரு பிடிமானம் சரியாக இல்லை. தானாக ஏற முடியாமல் பாலிமரேஸ் வழுக்கும். பாஃப்-பி.சி. அந்த இடத்தில் போய் நின்று தோள் கொடுக்கிறது. தோளைப் பிடித்து எந்திரம் ஏறிவிடும். சரி, அடிபட்ட செய்தி பாஃப்-பி.சி.க்கு எப்படிப் போய்ச் சேருகிறது? அதே ஜூரிக் கூடம் 2025இல் பதில் சொன்னது. ஒற்றை இழை டி.என்.ஏ.வை அது நேராகவே பிடிக்கிறது, பிடித்ததும் விழித்துக்கொள்கிறது. பிரிந்த புரி என்ற ஒரே அடையாளத்தை ஒரு பக்கம் ரெக்-ஏ பார்க்கிறது, இன்னொரு பக்கம் பாஃப்-பி.சி. பார்க்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு நாய்.

வேலை முடிந்தபின் என்ன செய்வது? பாஃப்-பி, பாஃப்-சி மரபணுக்களுக்குப் பக்கத்துத் திண்ணையிலேயே பாஃப்-ஏ என்ற மரபணு இருக்கிறது. தீர்ந்துபோன புரதங்களின்மேல் 'இதை உடைக்கலாம்' என்று ஒரு சிறு ஒட்டு குத்துவது அதன் தொழில். ஒட்டு குத்திய புரதத்தைப் புரோட்டியசோம் என்ற அரைவை எந்திரம் அரைத்துவிடும். பழுதுக் காலத்தில் பெருகிய ரெக்-ஏ போன்றவற்றையெல்லாம் இப்படித்தான் அள்ளி எறிகிறது. கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிற ஆளும் பந்தல் போட்டவன் வீட்டுக்காரனாகவே இருக்கிறான். எனக்கு இந்தக் கிருமியில் மிகவும் பிடித்த இடம் இது. பிடித்த என்று சொல்லக் கூடாது, சின்னய்யா கோபித்துக்கொள்வார்.

இனி கசப்பான பகுதிக்கு வருவோம்.

மற்றக் கிருமிகள் மருந்துக்கு அடங்காத தன்மையை அண்டை வீட்டுக் கிருமியிடமிருந்து கடன் வாங்கும். சிறு வளைய டி.என்.ஏ.க்களைக் கைமாற்றிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. அதன் எதிர்ப்பெல்லாம் சொந்தச் சரக்கு, தன் ஏட்டிலேயே நேர்ந்த எழுத்துப்பிழை. ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காத பிழை இயல்பாகவே பத்து லட்சம் கிருமியில் ஒன்றில் இருக்கும், ரிஃபாம்பிசினுக்குப் பத்து கோடியில் ஒன்றில் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு பிழையும் ஒன்றாக இருக்கும் கிருமி வேண்டும். பெருக்கிப் பாருங்கள், நூறு லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஒரு நெஞ்சுக்குள் இருக்காது. டி.பி.க்கு ஏன் கைநிறைய மாத்திரை என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெருக்கல்தான் பதில்.

இந்தப் பாடத்தைப் படிக்க உலகம் விலை கொடுத்தது. புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவு வெளியாயிற்று. 107 நோயாளிகள். ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். ஆகா என்று கொண்டாடியிருக்க வேண்டியது. ஆனால் ஊசி போட்டவர்களில் பலரிடம் சில மாதத்திலேயே மருந்துக்கு அடங்காத கிருமி தலையெடுத்துவிட்டது. ஒற்றை மருந்து உதவாது என்பது அங்கே தெரிந்தது.

கூட்டு மருந்தை வீட்டிலேயே வைத்துக் கொடுக்கலாமா என்று பார்த்த இடம் நம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தார்கள். மீதிப் பேருக்குக் குடிசையிலேயே மருந்து. ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருடம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் அரைச் சாப்பாடு, நெருக்கடி, வேலை. 1959இல் முடிவு வந்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததற்கு இந்தச் சேரி வீடுகள் ஒரு பெரிய காரணம். சாப்பாடு வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்து விடாமல் உள்ளே போனதுதான் கிருமியைக் கொன்றது.

இப்போது பழுதுக்கும் பிழைக்கும் உள்ள உறவு. கிருமியின் பழுதுப் பெட்டியில் டி.என்.ஏ.இ-2 என்று ஒரு கருவி உண்டு. அடிபட்டுச் சிதைந்த எழுத்தை ஒழுங்கான நகல் எந்திரத்தால் படிக்க முடியாது, அங்கேயே நின்றுவிடும். நின்றால் சாவு. அப்போது இந்தக் கருவி, இமு-ஏ, இமு-பி என்ற இரு கூட்டாளிகளோடு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுத் தாண்டிவிடும். வழி திறக்கும், உயிர் பிழைக்கும், பிழை விழும். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை எதையாவது எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது மாதிரி. சிலநேரம் அந்த 'எதையாவது' மருந்தைத் தோற்கடிக்கும் எழுத்தாக அமைந்துவிடும். ஹெலனா போஷாஃப், வேலரி மிஸ்ராகி முதலியோர் 2003இல் இந்தக் கருவியைப் பிடுங்கிய காசநோய்க் கிருமியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலி உடம்பில் அது நீடித்திருப்பதும் குறைந்தது, மருந்து எதிர்ப்பு தோன்றுவதும் குறைந்தது.

இந்தக் கருவியை யார் வெளியே எடுக்கிறார்கள்? 2021இல் நியூயார்க்கில் மைக்கேல் கிளிக்மன் குழு, காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்காரக் கிருமியை வைத்துச் சோதித்தது. லெக்ஸ்-ஏ வழியை மட்டும் அடைத்தார்கள், பிழை குறைந்தது. பாஃப்-பி.சி. வழியை மட்டும் அடைத்தார்கள், அப்போதும் குறைந்தது. பிழைக் கருவி முழுதாக வேலை செய்ய மடைப்பலகையையும் எடுக்க வேண்டும், மோட்டாரும் ஓட வேண்டும். இத்தனை பூட்டு போட்டு வைத்திருக்கிறது என்றாலே, கிருமிக்கும் அந்தக் கருவியைக் கண்டால் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரண நாளில் கிருமி பிழையை எளிதில் அண்ட விடுவதில்லை. மற்றக் கிருமிகள் நகலைச் சரிபார்க்க வைத்திருக்கும் மியூட்-எஸ், மியூட்-எல் புரதங்கள் இதனிடம் கிடையாது. அவற்றின் இடத்தில் நியூக்-எஸ் என்ற வேறொன்று வேலை செய்வதை ஸ்பெயின் நாட்டார் 2017இல் கண்டார்கள்.

கிளிக்மன் குழுவின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பாஃப்-பி.சி.யை நன்றாக உசுப்புகிறவை குயினலோன் வகை மருந்துகள். லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் எல்லாம் அந்தச் சாதிதான். கிருமியின் டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்யும் ஜைரேஸ் என்ற புரதத்தை அவை வெட்டு விழுந்த நிலையிலேயே பூட்டிவிடும். டி.பி.யில் கடைசிக் கையிருப்பாக வைத்துக் காப்பாற்ற வேண்டிய மருந்து அது. அதைத்தான் 'இருமலுக்கு நல்லாக் கேக்கும்' என்று மெடிக்கலில் ஐந்து மாத்திரை வாங்கிப் போடுகிறோம். ஐந்து நாளில் டி.பி. சாகாது. அடி மட்டும் வாங்கும். இருமல் கொஞ்சம் அடங்கும், ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு மாதம் தள்ளும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சின்னய்யாவின் கிருமி மாத்திரை நின்றதால்தான் பிழை செய்துகொண்டது என்று நான் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பிழை பெரும்பாலும் முன்னமே அங்கே இருக்கிறது, பத்து லட்சத்தில் ஒன்றாக. அரைகுறை மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. அதுதான் முதல் காரணம். காயம்பட்ட கிருமி பழுதுப் பெட்டியைத் திறப்பது அதற்குமேல் வந்து சேரும் கூலி.

பிழையைக் கண்டுபிடிப்பது இன்று சுலபமாகிவிட்டது. அன்று சளியை முட்டை கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க இரண்டு மாதம் ஆகும். இன்று ஜீன்-எக்ஸ்பர்ட் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். கோவாவில் செய்யும் ட்ரூநாட் கருவியும் உண்டு. ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரு மரபணுவின் 81 எழுத்துக்குள் விழுவது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். 44 லட்சத்தில் 81. அந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும். ரிஃபாம்பிசின் தொடங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ரத்தம் என்று பயந்து மாத்திரையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி கேள்விகள்.

பதினொன்றாம் வகுப்புப் பெண் கேட்டது: 'சார், பழுது பாக்குறதையே நிறுத்திட்டா கிருமி செத்துருமில்ல? அதுக்கு மருந்து இருக்கா?' நல்ல கேள்வியம்மா. முனியப்பா குழு 2014இல் சூராமின் என்ற மருந்து காசநோய்க் கிருமியின் ரெக்-ஏயைக் கட்டிப்போடுவதையும், எஸ்.ஓ.எஸ். திறப்பதைத் தடுப்பதையும் காட்டியது. அது புது மருந்தே இல்லை. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு நூறு ஆண்டாகப் போடுகிற ஊசி. பக்கவிளைவு கடுமை, அப்படியே டி.பி.க்குக் கொடுக்க முடியாது. ஆனால் பூட்டுக்குப் பொருந்தும் ஒரு சாவி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதைப்போல நல்லதாக ஒன்று செதுக்க வேண்டும். மோட்டார்ப் பக்கத்தையும் சேர்த்து அடைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே.

பின்வரிசையில் ஓர் அம்மா, கழுத்தில் தோட்டத்து வேலைக்காரத் துண்டோடு: 'மாத்திரை ஆறு மாசம்னா, நாங்க மூணு மாசம் இங்க, மூணு மாசம் மலையில. அங்க யாரு குடுப்பா?' கொடுப்பார்கள் தாயி. சிகிச்சை தொடங்கியதும் நிக்ஷய் என்ற கணினிப் பதிவில் பெயர் ஏறிவிடும். எந்த மாவட்டத்துக்கு, எந்த மாநிலத்துக்குப் போனாலும் அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் பதிவை மாற்றிக்கொள்ளலாம். மலைக்கு ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஊட்டச்சத்துக்கு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வரும். அது 2024 நவம்பருக்கு முன் ஐந்நூறாக இருந்தது. எந்த ஊர்த் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துச் சொல்கிறேன்.